சசூன் குடும்பத்தின் பஞ்சாலைகள் ஏன் நினைவில் இல்லை?

கேள்வி: மாட்டுங்கா மீனாள்

என் தந்தையார் பம்பாய்ப் பரேலில் இருந்த இந்தியா யுனைடெட் மில்ஸின் ஒன்றாம் எண் ஆலையில் கணக்குப் பிரிவு எழுத்தராகப் பணியாற்றியவர். அது முன்பு ஜேக்கப் சசூன் மில்லாக இருந்தது என்றும், மூத்த தொழிலாளர்கள் கடைசிவரை பழைய பெயரைத்தான் சொன்னார்கள் என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காலா கோடாவில் டேவிட் சசூன் நூலகம், கொலாபாவில் சசூன் டாக், புனேயில் சசூன் மருத்துவமனை என்று அந்தப் பெயரை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆயினும் அவர்கள் பெரும் பஞ்சாலை முதலாளிகளாக இருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. ஆலைகள் அவர்கள் கைக்கு எப்படி வந்தன, எப்படிப் போயின? சாத் ரஸ்தாவின் ஜேக்கப் சர்க்கிளும் இந்த ஜேக்கப்பின் பெயரில் அமைந்ததுதானா? எங்கள் குடியிருப்பின் பொங்கல் மலருக்குக் கட்டுரை எழுத எண்ணியிருப்பதால், விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: பைகுல்லா சுந்தரம்

ஜேக்கப் சர்க்கிளைக் கட்டுரையில் சேர்த்துவிடாதீர்கள் அம்மா. அது லெகிராண்ட் ஜேக்கப் என்ற ஆங்கிலேயப் படைத்தளபதியின் பெயர். இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு.

பாக்தாதை ஆண்ட தாவூத் பாஷாவின் கெடுபிடி தாங்காமல் வெளியேறிய யூத வணிகர் டேவிட் சசூன், புஷேர் துறைமுகம் வழியாக 1830-களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். மால்வா அபினியைச் சீனாவுக்கு அனுப்புவதும், பஞ்சும் துணியும் வாங்கி விற்பதும் அவருடைய தொழில்கள். அவர் 1864-இல் புனேயில் காலமான பின், மகன் எலியாஸ் 1867-இல் பிரிந்து சென்று ஈ.டி. சசூன் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார். மூத்தவரான ஆல்பர்ட்டின் கிளை 1874-இல் மஜ்காவில் நூற்பாலை நிறுவியது உண்மைதான். ஆனால் பஞ்சாலைத் தொழிலில் ஓங்கி நின்றது எலியாஸின் கிளையே. அவருடைய மகன் ஜேக்கப் காலத்தில் அலெக்ஸாண்ட்ரா, ரேச்சல் சசூன், ஜேக்கப் சசூன் என ஆலைகள் பெருகின. உங்கள் தந்தையார் பணியாற்றியது அக்காலப் பம்பாயின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று.

வணிகர்களாக இருந்தவர்கள் ஆலைக்குள் இறங்கியதற்குக் காரணம் சீனச் சந்தை என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாய் ஆலைகளின் நூலில் பெரும்பங்கு சீனாவுக்குத்தான் கப்பலேறியது. அபினிக்காக ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் அலுவலகமும் கிடங்கும் தரகர்களும் வைத்திருந்த குடும்பத்துக்கு, அதே வழியில் நூல் மூட்டைகளை அனுப்புவது கைவந்த கலையாக இருந்திருக்கும். பின்னர் ஜப்பானிய நூல் அந்தச் சந்தையைப் பறித்தபோது, அதை நம்பியிருந்த பம்பாய் ஆலைகளுக்குப் பலத்த அடி விழுந்தது.

பதில் 2: தாராவி நெல்லைக்காரன்

சுந்தரம் ஐயா அபினியை ஒரு வரியில் கடந்துவிட்டார். நூலகத்துக்கும் மருத்துவமனைக்கும் யூதத் தொழுகைக் கூடங்களுக்கும் போன நன்கொடையின் ஊற்றுக்கண்ணே அபினி வணிகம்தான் என்பதைக் கட்டுரையில் தயங்காமல் எழுத வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் விசையால் ஆலை ஓட்டினார்கள். அவர்கள் பெயரைச் சொன்னாலே 1908-இல் வ.உ.சி. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி நடத்திய வேலைநிறுத்தம் நினைவுக்கு வந்துவிடும். அங்கே முதலாளியின் பெயரோடு தொழிலாளியின் போராட்டமும் சேர்ந்தே நிற்கிறது. இங்கே சசூன் என்றால் தர்மப் பெயர் மட்டும் நிற்கிறது.

பதில் 3: கோட்டை ரேவதி

நெல்லை அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நூலகத்தின் கதையை முழுவதும் முதலாளியின் கணக்கில் எழுத முடியாது. 1847-இல் நாணயச் சாலையிலும் கப்பல்கட்டும் தளத்திலும் வேலை செய்த இளம் மெக்கானிக்குகள் கூடித் தொடங்கிய அமைப்பு அது. டேவிட் சசூன் 60,000 ரூபாய் கொடுத்தார். மாலாட் கல்லால் ஆன கட்டடம் 1870-இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்றும் மேல்மாடத் தாழ்வாரத்தில் கைப்பிடி நீண்ட சாய்வு நாற்காலிகளில் மாணவர்கள் தேர்வுக்குப் படித்தபடியே கண்ணயர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். காலா கோடா (கருங்குதிரை) என்ற பெயருக்குக் காரணமான, குதிரை மீதமர்ந்த வேல்ஸ் இளவரசரின் சிலையும் ஆல்பர்ட் சசூன் கொடுத்தது. 1965-இல் அதை அகற்றி பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

பதில் 4: லால்பாக் பழைய பத்லி

ஏன் நினைவில்லை என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. நன்கொடைக் கட்டடங்களில் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். ஆலைகள் 1940-களில் அகர்வால் குழுமத்துக்குக் கைமாறியபோது, சசூன் பெயர் போய் இந்தியா யுனைடெட் மில்ஸ் என்ற பெயர் வந்தது. ஜேக்கப்பும் ரேச்சலும் வெறும் எண்களானார்கள். 1974-இல் அரசு அவற்றை நாட்டுடைமையாக்கி தேசிய ஜவுளிக் கழகத்திடம் ஒப்படைத்தபோதும் எண்கள் மட்டுமே தொடர்ந்தன.

கைமாறியதன் பின்னணியையும் எழுதுங்கள். 1920-களில் ஆலைகளை நடத்தியவர் எலியாஸின் பேரன் விக்டர் சசூன். இரண்டு தறி பார்த்த நெசவாளி மூன்று தறி பார்க்க வேண்டும், ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் ஒரு பக்கம் நின்றவர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்ற ஆட்குறைப்புத் திட்டத்தைக் கொண்டுவருவதில் சசூன் ஆலைகள் முன்னின்றன. ரிங் பிரேமில் நின்றவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: அறுந்த இழையை ஒரு பக்கம் ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபக்கம் நாலு இழை அறுந்திருக்கும். 1928-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பம்பாய் ஆலைகளை முடக்கிய பொது வேலைநிறுத்தத்தின் முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று. மறு ஆண்டு, இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்தில் அதே விக்டர் சசூன் உறுப்பினர்! தொழிற்சங்கத் தரப்பில் என்.எம். ஜோஷியும் இருந்தார் என்பது சற்று ஆறுதல். அதற்குள் விக்டரின் மனம் ஷாங்காய்க்குப் போய்விட்டது. அவர் அங்கே எழுப்பிய கேத்தே ஹோட்டல் 1929-இல் திறக்கப்பட்டது. இங்கே ஈட்டிய பொருள் அங்கே கட்டடமாயிற்று என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் கிரண்காவ் என்ற நம் ஆலைப் பகுதி என்னவாயிற்று என்பது மீனாள் அம்மாவின் வீட்டிலேயே தெரிந்திருக்கும். நிலத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். காலாசௌக்கியில் உள்ள 2, 3 எண் ஆலைகளின் இடத்தை மாநகராட்சி ஜவுளி அருங்காட்சியகத்துக்காக எடுத்தது. தாதரில், அம்பேத்கர் தகனம் செய்யப்பட்ட சைத்யபூமிக்கு அருகே கடலோரத்தில் இருந்த ஆறாம் எண் ஆலையில், நம்மவர் பலரும் பங்குகொண்ட நெடிய கோரிக்கைக்குப் பின், 2015 அக்டோபரில் அம்பேத்கர் நினைவிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

தந்தையாரின் பழைய ஆலை அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ வீட்டில் இருந்தால் அதன் படத்தையும் மலரில் சேருங்கள். நூலகத்தின் புகைப்படம் எல்லோரிடமும் கிடைக்கும், இது கிடைக்காது.