ஹைட்ரஜன் என்ஜின் ப்ராஜெக்ட்: நாக்ஸ் அளந்தவர்கள் அனுபவம் பகிரலாம்

முன்னாள் எம்.இ. மாணவி, வெப்பப் பொறியியல்

டீசல் என்ஜினில் ஹைட்ரஜன் கலந்து ஓட்டி உமிழ்வை அளப்பதுதான் என் ஆய்வேடு. இப்போது அதே தலைப்பை எடுத்திருக்கும் ஒரு தம்பி கேட்டான்: “அக்கா, ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தானே வரும்? அப்புறம் எதை அளப்பது?” நியாயமான கேள்விதான். ஆனால் பதில் தெரியாமல் லேபுக்குள் போனால் ஆய்வேடு முழுவதும் தவறான திசையில் போய்விடும்.

எரிபொருளில் கார்பன் இல்லை, சரி. ஆனால் என்ஜின் உள்ளே இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஹைட்ரஜன் வேகமாகவும் மிகுந்த சூட்டோடும் எரிவதால் அந்த நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நாக்ஸ், அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகள், உருவாகிறது. ஆகவே ஹைட்ரஜன் என்ஜின் உமிழ்வு என்றாலே முதல் கேள்வி நாக்ஸ்தான்.

எங்களிடம் இருந்தது பல கல்லூரிகளில் இருக்கும் அதே கிர்லோஸ்கர் ஒற்றை சிலிண்டர் என்ஜின்: 5.2 கிலோவாட், 1500 ஆர்பிஎம், அழுத்த விகிதம் 17.5. ஹைட்ரஜனை இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) விட்டு, டீசலைப் பற்றவைக்க மட்டும் பயன்படுத்தும் இரட்டை எரிபொருள் முறை. குறைந்த லோடில் மகிழ்ச்சியாக இருந்தது. புகை குறைந்தது, நாக்ஸும் ஏறவில்லை. லோடை ஏற்ற ஏற்ற நாக்ஸ் மளமளவென ஏறியது. என் கைடு அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, “இதுதான் உன் ஆய்வேடு, மீதியெல்லாம் முன்னுரை” என்றார்.

தம்பி, உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இரண்டு கணக்குகள். முதலாவது, ஹைட்ரஜனின் பங்கு. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று எழுதும்போது பெரிதாகத் தெரியும். எடையாக மாற்றிப் பார்: மணிக்கு ஏறத்தாழ 50 கிராம். கிலோவுக்கு 120 மெகாஜூல் என்று வைத்தால் அது சுமார் 1.7 கிலோவாட். இந்த என்ஜின் முழு லோடில் குடிக்கும் எரிபொருள் ஆற்றல் 18 கிலோவாட்டுக்கு மேல். அதாவது பத்தில் ஒரு பங்குகூட ஹைட்ரஜன் இல்லை. அந்த நிலையில் ‘ஹைட்ரஜன் என்ஜின்’ என்று தலைப்பு வைப்பது நேர்மையாக இருக்காது. ஒவ்வொரு லோடிலும் ஆற்றல் பங்கை அட்டவணையில் போடு.

இரண்டாவது, பிபிஎம்மை (புகையின் பத்து லட்சம் பங்கில் நாக்ஸ் எத்தனை பங்கு என்ற எண்ணை) மட்டும் வைத்து ஒப்பிடாதே. கருவி புகையைக் குளிரவைத்து நீரைப் பிரித்துவிட்டுத்தான் அளக்கிறது. சரியான விகிதத்தில் எரியும் பெட்ரோலின் புகையில் நீராவி 13 சதவீதம் போல இருக்கும். தூய ஹைட்ரஜனில் அது 35 சதவீதம். உண்மையான புகையில் இரண்டிலும் நாக்ஸ் 1000 பிபிஎம் என்று வைத்துக்கொள். நீரை எடுத்த பிறகு பெட்ரோலுக்கு 1150 காட்டும், ஹைட்ரஜனுக்கு 1530 காட்டும். ஹைட்ரஜன் மீது வீண்பழி! மறுபக்கம், காற்று அதிகமாகக் கலந்து ஓட்டும்போது நாக்ஸ் நீர்த்துப் போய் பிபிஎம் தானாகவே குறைந்து தெரியும். இரண்டுக்கும் தப்ப ஒரே வழி, கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் என்று மாற்றுவதுதான். கனரக வாகனங்களுக்கான பிஎஸ்-6 விதியும் அப்படித்தான் பேசுகிறது: நிலையான ஓட்டச் சோதனையில் நாக்ஸ் வரம்பு 0.4 கிராம்.

லேப் உதவியாளர், பணி ஓய்வு

மேடம் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் சிலிண்டரைப் பற்றிச் சொல்கிறேன். சிவப்பு சிலிண்டர், மறை இடப்பக்கம். புதிதாக வரும் பிள்ளைகள் வழக்கமான பக்கமே திருகித் திருகிப் பார்ப்பார்கள், கடைசியில் ஸ்பேனர் மறையைக் கெடுத்துவிடும். அதில் சோப்புத் தண்ணீர் போட்டால் கசிவைக் காட்டும் குமிழ் வராமல் இருக்காது. ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது, வாசனையும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். தீ சிலிண்டர் பக்கம் திரும்பி வராமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாமல் நான் வால்வைத் திறந்ததே இல்லை. கூரைப் பக்கம் காற்றோட்டம் வேண்டும், ஏனென்றால் கசிந்த வாயு மேலேதான் போய்த் தேங்கும். எண்ணெய்த் தொட்டியின் மூச்சுக்குழாயையும் ஒரு பைப் போட்டு வெளியே விட்டுவிடுங்கள். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் ஹைட்ரஜன் அங்கே சேரும்.

இன்னொன்று. அவ்வளவு கனமான இரும்பு சிலிண்டருக்குள் 7 கன மீட்டர் வாயு, எடை 600 கிராம்கூட வராது. ஆற்றலில் இரண்டு லிட்டர் டீசல். ரீடிங் எடுக்கும் வரிசையைத் தாளில் எழுதிக்கொண்டு வால்வைத் திறங்கள், தம்பி.

பெட்ரோல் என்ஜினை மாற்றி ஓட்டியவன்

நாங்கள் தூய ஹைட்ரஜனில் ஓட்டினோம். எங்கள் பெரிய தலைவலி பேக்ஃபயர், அதாவது உள்ளிழுக்கும் குழாய்ப் பக்கமே தீ திரும்பிப் பாய்வது. ஹைட்ரஜனைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும், பெட்ரோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. சூடேறிய ஸ்பார்க் பிளக் முனை, எரியாத எண்ணெய்க் கரி, எது கிடைத்தாலும் வால்வு மூடுவதற்குள் பற்றிக்கொள்ளும். குளிர்வகை பிளக் மாட்டி, ஹைட்ரஜனை வெளியேற்று வால்வு மூடிய பிறகே உள்ளே விடும்படி நேரத்தைத் தள்ளிவைத்த பிறகுதான் அடங்கியது.

நாக்ஸ் பற்றி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியான விகிதத்தைவிடக் காற்று சற்றே கூடிய இடத்தில்தான் நாக்ஸ் உச்சம். காற்றை இரு மடங்குக்கு மேல் கொடுத்தால் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. 2006இல் வந்த பிஎம்டபிள்யூ ஹைட்ரஜன் 7 காரின் வித்தையே இதுதான்: காற்று மிகுந்த மெலிந்த கலவையில் ஓடும், சக்தி வேண்டும்போது நடுவிலுள்ள மோசமான பகுதியைத் தாண்டிக் குதித்துச் சரியான விகிதத்துக்கு வரும், அங்கே வரும் நாக்ஸைப் புகைக்குழாயிலுள்ள கேட்டலிஸ்ட் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு டர்போ இல்லாததால் மெலிந்த கலவையில் சக்தி படுத்துவிட்டது.

புகையை அளக்கும் ஐந்து வாயுக் கருவி காட்டும் லாம்டாவை (தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று என்ற எண்ணை) நம்பவே வேண்டாம். அது கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு அளவுகளை வைத்துப் போடும் கணக்கு. கார்பனே இல்லாத எரிபொருளுக்கு அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. காற்றின் ஓட்டத்தையும் ஹைட்ரஜன் ஓட்டத்தையும் தனித்தனியே அளந்து நீங்களே கணக்குப் போடுங்கள். அதே கருவியில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு தெரிந்தால் பதற வேண்டாம், அது எரிந்த மசகு எண்ணெய்.

முன்னாள் எம்.இ. மாணவி

லாம்டா விஷயம் தங்கமான தகவல், நன்றி. தம்பி, அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் சேர்ந்து ஹைட்ரஜன் என்ஜின் லாரியை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டியதிலிருந்து இந்தத் தலைப்பில் நிறையப் பேர் இறங்கியிருக்கிறார்கள். அதனால் ‘நீராவி மட்டுமே வெளிவரும்’ என்ற வரியை முன்னுரையிலிருந்து முதலில் எடு. எரியாமல் வெளியேறும் ஹைட்ரஜனை நம் ஐந்து வாயுக் கருவி அளக்காது என்பதையும் வரம்புகள் பகுதியில் எழுதிவிடு. உன் காற்று ஓட்ட ரீடிங்கையும் டைனமோமீட்டர் (என்ஜின் மேல் லோடு ஏற்றி அளக்கும் கருவி) காட்டும் லோடையும் அனுப்பு, கிராம் கணக்கைச் சேர்ந்தே போட்டுவிடலாம்.