தலைமடை அழுத்தம், கடைமடை அழுத்தம்: ஒரு பரிந்துரை

கலைச்சொல் ஆக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

மின்கம்பியின் இரு முனைகளில் உள்ள வோல்டேஜுக்கு 'அனுப்பு முனை மின்னழுத்தம்', 'பெறு முனை மின்னழுத்தம்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். பிழை ஒன்றும் இல்லை. தபாலாபீஸ் வாசனைதான் அடிக்கிறது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இதற்கான சொல் வரப்பிலேயே கிடக்கிறது. தண்ணீர் நுழையும் முனை தலைமடை, கடைசியாகப் போய்ச் சேரும் முனை கடைமடை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்தால் அதன் கடைசியில் இருக்கும் பேராவூரணிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "கடைமடைக்கு எப்ப வரும்?" அதையே எடுத்துக்கொள்வோம்: தலைமடை அழுத்தம், கடைமடை அழுத்தம்.

போன அறுவடையில் களத்துக்கு ஒரு 1000 வாட் ஹாலோஜன் விளக்குப் போட்டோம். வீட்டிலிருந்து 200 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். விளக்கு மங்கலாக எரிந்தது. "கரண்ட் கம்மியா வருது" என்றார் சித்தப்பா. மீட்டர் வைத்துப் பார்த்தேன். தலைமடையில் 230 வோல்ட், கடைமடையில் 210. மின்னோட்டமோ இரண்டு இடத்திலும் ஒன்றேதான், சுமார் 4 ஆம்பியர். வழியில் கரண்ட் எங்கும் ஒழுகிவிடவில்லை.

இடையில் இறங்கிய 20 வோல்ட்டை 4 ஆம்பியரால் வகுத்தால் 5 ஓம். அது போகவர 400 மீட்டர் வயரின் மின்தடை. இந்தத் தடிமனுக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம் என்பார்கள், கணக்கு ஒத்துவருகிறது. அதே 20-ஐ 4-ஆல் பெருக்கினால் 80 வாட். அவ்வளவும் வயரைச் சூடாக்கியே போயிற்று. விளக்குக்குக் கிடைத்தது 840 வாட்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் இன்னொரு சச்சரவும் தீரும். அந்த 20 வோல்ட்டை 'மின்னழுத்த இழப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். இழந்தது வாட், வோல்ட் இறங்கியது, அவ்வளவுதான். ஆகவே வோல்ட்டுக்கு இறக்கம், வாட்டுக்கு இழப்பு என்று பிரித்துவிடலாம். இறக்கத்துக்குப் பதில் 'வீழ்ச்சி' என்பது எனக்கு வேண்டாம், அருவி மாதிரி ஒரே இடத்தில் தொப்பென்று விழுவதாகத் தோன்றுகிறது. வயரிலோ மீட்டருக்கு மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது, வாய்க்காலின் நீர்மட்டம் போல.

ஒப்புமை இடறும் இடமும் உண்டு. வாய்க்காலில் மட்டம் மட்டுமா குறைகிறது, தண்ணீரும் குறைகிறது: மண் குடிக்கிறது, மேல்மடைக்காரர் பாய்ச்சிக்கொள்கிறார். அதனால் மடைச் சொற்களை அழுத்தத்தோடு மட்டும் ஒட்டுவோம். 'கடைமடை மின்னோட்டம்' என்று யாராவது எழுதினால் சித்தப்பாவின் குழப்பத்தையே அச்சில் ஏற்றியதாகிவிடும்.

நீளமான மின்தடத்தில் சுமை (கடைசியில் எடுக்கும் மின்சாரம்) குறைவாக இருக்கும்போது அனுப்பு முனையை விடப் பெறு முனையில் வோல்டேஜ் ஏறுமே, அப்போது கடைமடை என்ற சொல் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். மழைத் தண்ணீரைக் கடல் வாங்காவிட்டால் முதலில் மட்டம் ஏறி நிற்பதும் கடைமடையில்தான்.