பாட்டு இனித்ததா, காலம் இனித்ததா?

வானொலிவாசி

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. 'நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்' கேட்டுக்கொண்டிருந்தேன். பி.பி.ஸ்ரீநிவாஸ் ஓரிடத்தில்கூடக் குரலை ஓங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடிவிட்டு எழுந்து போய்விடுகிறார். 1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படப் பாடல் அது. எழுதியவர் கண்ணதாசன், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் ஒரு சுருக்கம் விழவில்லை.

உங்களுக்கு மிகவும் பிடித்த பழைய பாடல்களைச் சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது. நான் ஐந்து சொல்கிறேன். மேலே சொன்னது ஒன்று. அதே படத்தில் சுசீலா பாடிய 'சொன்னது நீதானா'. 'தங்கமலை ரகசியம்' படத்தின் 'அமுதைப் பொழியும் நிலவே'. 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பட்டுக்கோட்டையார் எழுதிய 'தூங்காதே தம்பி தூங்காதே'. கடைசியாக 'கொஞ்சும் சலங்கை'யின் 'சிங்கார வேலனே தேவா'.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் பாடல்களில் ஒன்றுகூட இத்தனை காலம் தாங்காது.

புதுமெட்டு

ஐயா, ஐந்தில் ஒன்றையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் கடைசி வரியோடுதான் எனக்கு வழக்கு.

பட்டியலை ஆண்டுக் கணக்கில் பாருங்கள். 1957, 1958, மீதி மூன்றும் 1962. ஆறே ஆண்டுகளுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. தமிழ்ப் பேசும் படம் 1931-இல் தொடங்குகிறது. அத்தனை காலத்தில் இந்த ஆறு ஆண்டுகள் மட்டும் எப்படி மேலே வந்தன? என் ஊகம் சரியென்றால், அப்போது உங்களுக்கு ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருந்திருக்கும்.

மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும்போது, ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரை நடந்தவைதான் அதிகமாக ஞாபகத்துக்கு வருகின்றன என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பாட்டும் அப்படித்தான். அந்த வயதில் காதில் விழுந்தது உடம்போடு ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று. முதல் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தில் சுமார் 50 பாடல்கள் இருந்தன என்பார்கள். அவற்றில் எத்தனை நமக்குத் தெரியும்? காலம் சல்லடையில் சலித்த பிறகு தங்கியதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சலிக்காமல் குவிந்து கிடக்கும் இன்றைய பாடல்களோடு ஒப்பிடுகிறோம். அது நியாயமா?

எனக்குப் பிடித்தது 'சின்னச் சின்ன ஆசை'. 1992, 'ரோஜா'. மின்மினி பாடியது. அதைக் கேட்டபோது எனக்குப் பதினான்கு வயது. "இதெல்லாம் இயந்திரச் சத்தம், பத்து வருடம் தாங்காது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். 1962-க்கும் 1992-க்கும் நடுவே 30 ஆண்டுகள். 1992-இலிருந்து இன்று வரை அதைவிட அதிகம் ஆகிவிட்டது. இன்னும் தாங்குகிறது ஐயா.

வானொலிவாசி

தம்பி, ஊகம் சரிதான். 1962-இல் எனக்கும் பதினான்கு. ஆனால் அன்று ஒரு பாட்டு எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் கேளுங்கள்.

1952-இல் கேஸ்கர் என்ற மத்திய அமைச்சர், சினிமாப் பாட்டு தரக்குறைவானது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அது பெரும்பாலும் நின்றுபோனது. கேட்பவர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் அதே வானொலியில் பாட்டுகளுக்காக விவித பாரதி தொடங்கிய பிறகும் எங்கள் வீட்டில் முள் இலங்கையை விட்டு நகரவில்லை. என் அக்கா ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு வானொலி முன்னால் உட்காருவாள். பாடப் பாட எழுதுவாள். கை பின்தங்கி ஒரு வரி விட்டுப்போனால், அந்த இடத்தில் புள்ளி வைத்து இடம் விடுவாள். மறுபடி அந்தப் பாட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாரக்கணக்கில் காத்திருந்து அந்த ஒரு வரியைப் பிடித்து நிரப்புவாள். நிரப்பிய அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்று விரலால் தொட்டால் பாட்டு வருகிறது, பிடிக்கவில்லை என்றால் அரை நிமிடத்தில் தள்ளிவிடலாம். இதில் பாட்டு எப்படி மனதில் இறங்கும்?

புதுமெட்டு

படிக்கவே நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஐயா, நீங்கள் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் புள்ளி வைத்த இடமும் அக்காவின் காத்திருப்பும் பாட்டுக்குள் இல்லை, உங்கள் வீட்டில் இருந்தன. அதே அக்கா இன்று பதினெட்டு வயதில் இருந்தால், இன்றைய பாட்டு ஒன்றுக்காக வேறு ஏதோ விதத்தில் ஏங்கியிருப்பாள்.

கமகம்

இருவரும் நினைவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பாட்டுக்குள்ளும் வாருங்கள். நான் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள்.

'சொன்னது நீதானா' பாட்டை எடுத்துக்கொள்வோம். சாகக் கிடக்கும் கணவன், தனக்குப் பின் நீ மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறான். அதற்கு மனைவியின் பதில்தான் பாட்டு. பல்லவி முழுக்கக் கேள்விதான். மாணவிகள் இதைப் பாடும்போது முதலில் செய்யும் தவறு, அழுதுகொண்டே பாடுவது. விசும்பினால் சுருதி நழுவும், கேள்வியும் கெஞ்சலாக மாறிவிடும். சுசீலா விசும்பவே இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் நேராக வைக்கிறார். அழுகை கேட்பவரிடம் வந்துவிடுகிறது. நடுவில் வரும் சிதாரும் அப்படித்தான், அவள் வாயால் சொல்ல முடியாமல் நிறுத்தியதை அது எடுத்துக்கொள்கிறது. இதை உணர எந்த இளமைக்கால நினைவும் தேவையில்லை, காது போதும்.

'சிங்கார வேலனே' இன்னும் கடினம். ஆபேரி ராகம், சுப்பையா நாயுடு இசை. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்துக்கு ஈடாக ஜானகி ஸ்வரம் பாட வேண்டும். நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். அதன் பிருகாக்களை, அதாவது மின்னல் வேக ஸ்வர ஓட்டங்களை, ஒரு பெண் குரல், மூச்சு தெரியாமல், அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்கிறது. இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஸ்வரக் கோர்வைகளை முழுமையாகப் பாடிய மாணவிகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

அப்புறம் பதிவு. அன்று பெரும்பாலும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்திருந்து பதிவு செய்தார்கள். யார் தவறினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதனால் ஒரு மெட்டில் வேண்டாதது எதற்கும் இடமில்லை.

வானொலிவாசி ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று நன்றாகப் பாடுபவர்கள் இல்லை என்று நினைக்காதீர்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பாடகர் தனியாக வந்து தன் பகுதியைப் பாடிவிட்டுப் போகிறார், வயலின் வேறொரு நாளில் வருகிறது. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்பதில்லை. நான் இழந்ததாக நினைப்பது அதைத்தான்.

புதுமெட்டு

அம்மா, சுசீலா பற்றிச் சொன்னதை வாசித்துவிட்டு இப்போதுதான் மறுபடி கேட்டேன். உண்மை, விசும்பல் எங்குமே இல்லை. இத்தனை ஆண்டுகள் அவர் அழுவதாக நினைத்திருந்தேன்.

ஆனால் பதிவு பற்றிய வாதம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. கருவி இல்லாத குறையைக் கலையின் பெருமையாக மாற்றுகிறோமோ என்று படுகிறது. சுருதி விலகிய வயலின், அமுங்கிப்போன தபேலா எல்லாம் அந்தப் பதிவுகளில் உண்டு. அன்றைய இசையமைப்பாளர்களுக்கு இன்றைய வசதி கிடைத்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்கள்?

இன்னொரு கேள்வி. 1959-இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தில் 'உன்னைக் கண்டு நான்' என்று தொடங்கும் பாட்டு இரண்டு முறை வரும். சுசீலா பாடுவது மகிழ்ச்சி. ஏ.எம்.ராஜா பாடுவது சோகம். இசையும் ராஜாதான். உணர்ச்சி மெட்டிலேயே இருக்கிறது என்றால், ஒரே மெட்டு எப்படி இரண்டுக்கும் பொருந்துகிறது? சூழல்தானே பொருளைக் கொடுக்கிறது? படத்தில் கதை செய்ததை நம் வாழ்க்கையில் வயது செய்கிறது என்கிறேன்.

கமகம்

நல்ல கேள்வி. ஆனால் எந்த மெட்டும் இரண்டையும் தாங்கிவிடாது. துள்ளலான ஒரு மெட்டை மெதுவாகப் பாடிப் பாருங்கள், பெரும்பாலும் சோகம் வராது, சோர்வுதான் வரும். வேகம் குறைந்தபோது அந்தப் பல்லவிக்குள் இன்னொரு முகம் தெரிகிறதே, அதை ராஜா முதலிலேயே உள்ளே வைத்திருக்கிறார். சூழல் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

கருவி பற்றிச் சொன்னது சரி. வசதி கிடைத்திருந்தால் நிச்சயம் எடுத்திருப்பார்கள். அதை மறுக்க மாட்டேன்.

மழைக்குருவி

எனக்கு 24 வயது. இலங்கை வானொலியும் தெரியாது, இசைத்தட்டையும் தொட்டதில்லை. என் பதின்வயதில் பழைய பாட்டே கேட்டதில்லை. ஆகவே புதுமெட்டு அண்ணன் கணக்குப்படி எனக்கு இவை ஒட்டியிருக்கவே கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலை கிடைக்காமல் ஒவ்வொரு நேர்காணலாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், கிடைத்துவிடும் என்று உறுதியாக நம்பிய வேலையும் போய்விட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை. காதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அடுத்ததாகத் தானாக 'மயக்கமா கலக்கமா' வந்தது. 1962-இல் வந்த 'சுமைதாங்கி' படப் பாட்டு என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். அன்று தெரிந்தது, எவரோ ஒருவர் அவசரப்படுத்தாமல் என்னிடம் பேசுகிறார் என்பது மட்டும். அழுது முடித்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அப்புறம்தான் கவிஞர் வாலியின் கதையைப் படித்தேன். வாய்ப்பே கிடைக்காமல் சென்னையை விட்டுப் போய்விட முடிவெடுத்திருந்த நேரத்தில், ஸ்ரீநிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியிருக்கிறார். வாலி போகவில்லை. அவரே பலமுறை சொன்ன செய்தி இது. அவருக்குச் செய்ததை அத்தனை ஆண்டுகள் கழித்து எனக்கும் செய்தது.

இதில் நினைவும் இருக்கிறதுதான். ஆனால் அந்த நினைவு எனக்கு 22 வயதில் உண்டானது, பாட்டுக்கு அப்போதே அறுபது வயது.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். "உங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் இத்தனை நாள் இந்தப் பாட்டுகள் பக்கமே வராமல் இருந்தேன்.

புதுமெட்டு

தங்கச்சி, வயதுக் கணக்கை அவ்வளவு இறுக்கமாகப் போட்டது என் தவறு. பாட்டு எந்த வயதில் வந்தாலும், தேவையான நேரத்தில் வந்தால் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் காலத்தின் சல்லடை பற்றிச் சொன்னதில் நான் இன்னும் நிற்கிறேன். 1962-இல் வந்த எல்லாப் பாட்டும் 'மயக்கமா கலக்கமா' இல்லை.

வானொலிவாசி

ஏம்மா மழைக்குருவி, "உங்களுக்குப் புரியாது" என்று நானும் என் பேரனிடம் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன்.

தம்பி சொன்ன சல்லடை என்னை விடவில்லை. இன்று காலை அலமாரியிலிருந்து அக்காவின் நோட்டை எடுத்தேன். அவள் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 184 பாட்டு. ஒவ்வொன்றாக முணுமுணுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் மெட்டே நினைவுக்கு வரவில்லை. அவள் வாரக்கணக்கில் காத்திருந்து வரி நிரப்பிய பாட்டுகளும் அதில் இருந்தன. சரி, தம்பி சொன்னது உண்மைதான். எல்லாமே பொன்னாக இருந்திருந்தால் நானே மறந்திருக்க மாட்டேன். "ஒன்றுகூடத் தாங்காது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் இதையும் கேளுங்கள். மறந்துபோன பக்கங்களில் ஒன்றைத் தேடிக் கேட்டேன். 'துள்ளித் திரிந்த பெண்ணொன்று'. 1962-இல் வந்த 'காத்திருந்த கண்கள்' படம், பாடியவர் அதே ஸ்ரீநிவாஸ். இதை எப்படி மறந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. மேலே சொன்ன ஐந்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சல்லடை உமியை மட்டும் தள்ளுவதில்லை, நெல்லும் கொஞ்சம் போய்விடுகிறது. இனி வாரம் ஒன்றாக அந்த நோட்டிலிருந்து தேடிக் கேட்டு இங்கே எழுதுகிறேன்.

'சின்னச் சின்ன ஆசை'யையும் கேட்டேன் தம்பி, இரண்டு முறை. அந்தப் பெண்ணின் குரலில் ஒரு வெள்ளை மனசு இருக்கிறது. அன்று உங்கள் வீட்டில் நானும் இருந்திருந்தால் இயந்திரச் சத்தம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கமகம்

நோட்டில் புள்ளி வைத்து இன்னும் நிரப்பாத இடம் ஏதாவது இருக்கிறதா ஐயா?

வானொலிவாசி

நான்கு பாட்டுகளில் இருக்கிறது அம்மா. இன்று தேடினால் ஒரு நிமிடத்தில் அந்த வரிகள் கிடைத்துவிடும். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுத மனம் வரவில்லை.

மழைக்குருவி

தாத்தா, 'துள்ளித் திரிந்த பெண்ணொன்று' கேட்டேன். முதல் முறையாக. அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கிறேன்.