ஆபீஸ் லேப்டாப்பில் தேதி எல்லாம் மாறிக் கிடக்கிறது, காலைக்குள் உதவி வேண்டும் (கோலாலம்பூர்)

பிரிக்பீல்ட்ஸ் புதியவள்
எல்லாருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பேங்கிலிருந்து இறக்கிய ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் திறந்தால் தேதிகள் குழம்பிக் கிடக்கின்றன. ஏப்ரல் 5 இருக்க வேண்டிய இடத்தில் மே 4 நிற்கிறது. சில தேதி செல்லின் இடப்பக்கம் ஒட்டியிருக்கிறது, சில வலப்பக்கம். நாளை காலை 9 மணிக்கு மேனேஜர் மாதக் கணக்கைக் கேட்பார். நான் இன்னும் புரொபேஷனில் இருக்கிறேன். தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

கிள்ளான் அண்ணன்
தங்கச்சி, முதலில் சாப்பிட்டாயா? வெறும் வயிற்றோடு கணக்கைப் பார்க்காதே. நான் வந்த புதிதில் ரூமுக்கு இரண்டு மாத அட்வான்ஸ், அதற்குமேல் கரண்டு தண்ணிக்கு அரை மாதம் என்று கையிலிருந்த வெள்ளி (ரிங்கிட்) முழுக்கப் போய்விட்டது. முதல் சம்பளம் வரும்வரை ரொட்டி சானாய்தான்.
கம்ப்யூட்டரிலும் ஒரு தப்பு செய்தேன். ஊர் நேரத்துக்கும் இங்கத்தி நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம் இல்லையா, கடிகாரத்தைக் கையால் முன்னே தள்ளி வைத்தேன். டைம் ஸோன் இந்தியாவிலேயே இருந்துவிட்டது. 10 மணி மீட்டிங் காலண்டரில் 7.30 என்று காட்டியது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். டைம் ஸோனில் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ என்று யூடிசி+8 இருக்கும், அதை எடு. கடிகாரத்தைத் தொடாதே.

பிரிக்பீல்ட்ஸ் புதியவள்
சாப்பிட்டுவிட்டேன் அண்ணா. நேரம் சரியாகத்தான் இருக்கிறது. தேதிதான் பிரச்சினை.

பினாங்கு வாசி
ரீஜனை இந்தியா என்று வைத்துவிடுங்கள். இந்தியாவிலும் நாள் முன்னே, மாதம் பின்னே. நாலு வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

செந்தூல்காரன்
கணக்குப் பிரிவில் இருக்கிறவருக்கு அந்த யோசனையைச் சொல்லாதீர்கள். இந்தியா வைத்தால் கமா லட்சக் கணக்கில் விழும். 1,50,000 என்று போன என் ரிப்போர்ட்டை, ‘ஒரு சைபர் விட்டுப்போச்சா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே 150,000 என்றால்தான் கண்ணுக்குப் பழக்கம். எக்செல் இந்தக் கமாவை விண்டோஸிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, அதனால் ஷீட் ஷீட்டாக மாற்றி மாளாது.

பினாங்கு வாசி
நான் டிசைன் வேலை. லட்சம் வரை எண்ணுகிற தேவை வரவில்லை. சரி, உங்கள் யோசனைதான் சரி.

காஜாங் தம்பி
புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை, அதுதான் என் ஆத்திரம். போன ஆள் விட்டுப்போன லேப்டாப்பைத் துடைக்காமல் கொடுத்து, உட்கார் என்கிறார்கள். எனக்குக் கிடைத்ததில் மெனு முழுக்க மலாய். மேல் மூலையில் ‘ஃபெய்ல்’ என்று ஆங்கில எழுத்தில் பார்த்ததும் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்து மூடிவிட்டேன். மலாயில் அதே எழுத்துக்கூட்டுக்கு ஃபைல் என்று அர்த்தமாம். அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

தைப்பிங்கில் பிறந்தவள்
தம்பி, நாங்கள் பள்ளியிலேயே படித்துவிட்டதால் எங்களுக்கு அது தோன்றுவதில்லை, மனதில் வைக்காதீர்கள். சிம்பான் என்றால் சேமி, பாத்தால் என்றால் ரத்து, செத்தாக் என்றால் அச்சிடு. இந்த மூன்றும் தெரிந்தால் முதல் வாரம் ஓடிவிடும்.

கிள்ளான் அண்ணன்
இப்போதாவது கேட்க ஆள் இருக்கிறது. அப்போது ஊருக்குப் போன் பேசவே கார்டு வாங்கணும்…

பட்டர்வொர்த் அக்கா
அண்ணே, ஒரு நிமிஷம். அந்தப் பிள்ளைக்குக் காலைக்குள் வேலை முடியணும். அம்மா, மூன்று விஷயம் சொல்லு. விண்டோஸா, மேக்கா? பேங்க் ஃபைல் சிஎஸ்வியா, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலா? நேற்று இன்று நீயாக எதையாவது மாற்றினாயா?

பிரிக்பீல்ட்ஸ் புதியவள்
விண்டோஸ் 11 அக்கா. சிஎஸ்விதான். மாற்றினேன். காஜாங் தம்பி சொன்ன மாதிரி எனக்கும் எல்லாம் மலாயில் இருந்தது, நேற்று அதை இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று வைத்தேன். மெனு புரிந்தது, அதனால் இங்கே சொல்லத் தோன்றவில்லை.

பட்டர்வொர்த் அக்கா
அங்கேதான் வந்தது. மெனு மொழி வேறு, தேதியும் கமாவும் எழுதும் முறை வேறு. ஆனால் அந்த முறை ‘ரெக்கமெண்டட்’ என்று இருந்தால் மெனு மொழியின் பின்னாலேயே போய்விடும். நீ அமெரிக்க ஆங்கிலம் வைத்ததும் மாதம் முன்னே வந்துவிட்டது. பேங்க் 5/4 என்று எழுதியதை எக்செல் மே 4 என்று படிக்கிறது. 13/4-க்கு 13-ஆம் மாதம் கிடையாதே, அதனால் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் தள்ளுகிறது. இடப்பக்கம் நிற்பது கண்ணில் படும். சத்தமில்லாமல் மாறிய முதல் 12 நாள்தான் ஆபத்து.
விண்டோஸ் பட்டனோடு ஐ எழுத்தை அழுத்து. டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன். கீழே ரீஜனல் ஃபார்மட் இருக்கும், அதில் இங்கிலீஷ் மலேசியா எடு. மெனு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். இதற்குப் பெரும்பாலும் ஐடி ஆளின் பாஸ்வேர்டு கேட்காது.
அப்புறம் எக்செல்லை முழுக்க மூடு. திறந்து வைத்திருக்கிற ஷீட்டைத் திருத்த உட்காராதே, அதில் ஏப்ரல் ஏற்கெனவே மே ஆகிவிட்டது, செட்டிங்கை மாற்றினாலும் திரும்பாது. அந்த சிஎஸ்வியை ஒருமுறை சேவ் செய்திருந்தால் அதுவும் கெட்டிருக்கலாம். பேங்கிலிருந்து புதிதாக இறக்கித் திற.

பிரிக்பீல்ட்ஸ் புதியவள்
அக்கா, வந்துவிட்டது! எல்லாத் தேதியும் வலப்பக்கம். ஏப்ரல் 5 ஏப்ரல் 5-ஆகவே இருக்கிறது, கமாவும் இங்கத்தி மாதிரி விழுகிறது. பழைய ஷீட்டை அழித்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் இல்லையென்றால் இந்த ராத்திரியை எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை.

பட்டர்வொர்த் அக்கா
நல்லது அம்மா. நேற்று மொழி மாற்றிய பிறகு வேறு ஏதாவது ஃபைலில் தேதி அடித்தாயா? அடித்திருந்தால் அதை மட்டும் திறந்து பார். அப்புறம் குளோசிங் பேலன்ஸ் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் படு.