வேலை நேர விவாதத்தில் தொழிலாளியின் இடம் எது?

கேள்வி: பொம்மனஹள்ளி வாசகன்

அனைவருக்கும் வணக்கம். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் கூறினார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசிய காணொளி வெளியானபோது, நடிகை தீபிகா படுகோன் அதைக் கண்டித்தார். அதன் பிறகு நான் பார்த்த விவாதங்களில் தொழிலதிபர்கள், திரைத்துறையினர், எழுத்தாளர்கள் எல்லோரும் இருந்தார்கள். பெங்களூரின் பொம்மனஹள்ளியில் காலையில் ஆயத்த ஆடை ஆலைக்கு விரைந்து செல்லும் பெண்களில் ஒருவரைக்கூட அங்கு காணவில்லை. பிரபலங்கள் பேசுவதால் உழைப்பவர்களுக்கு உண்மையில் ஏதேனும் கிடைக்கிறதா?

பதில்: அல்சூர் முதியவர் (பொதுத்துறை ஆலையில் ஓய்வுபெற்றவன்)

தம்பி, யாரோ ஒருவர் நல்ல கருத்துச் சொன்னதால் வேலை நேரம் குறைந்ததில்லை. 1918-இல் சென்னையில் ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைவர் பி.பி. வாடியாவுக்குத் துணை நின்ற திரு.வி.க., தமிழறிஞர், பத்திரிகை ஆசிரியர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், பெரும் படிப்பாளியான வழக்கறிஞர். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். தொழிற்சாலைகளின் வார வேலை நேர உச்சவரம்பு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது 1946-இன் சட்டத் திருத்தத்தால்தான். இவர்களும் தம் காலத்தில் புகழ்பெற்றவர்களே. ஆயினும் கருத்துரைத்ததோடு நில்லாமல், ஆலை வாசலிலும் சங்கக் கூட்டத்திலும் சட்ட வரைவிலும் தங்கள் அறிவைச் செலவிட்டார்கள். இன்றைய அறிவாளிகளிடமும் நட்சத்திரங்களிடமும் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

பதில்: தையற்பிரிவுத் தோழி

அல்சூர் ஐயா சொன்னதோடு நம் ஊரில் நடந்த ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். வருங்கால வைப்புநிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியது. ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்கு அந்த பி.எஃப். பணம்தான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வாடகை வீட்டின் முன்பணம், வேலை போன மாதங்களின் அரிசி. ஐம்பத்தெட்டு வயதுவரை தையல் இயந்திரத்தின் முன் உட்கார எத்தனை பேருக்கு உடல் இடங்கொடுக்கும்? ஏப்ரல் 18-ஆம் தேதி ஆயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். மறுநாள் பீன்யா பக்கமும் போராட்டம் பரவியது. தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. 19-ஆம் தேதியே அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அதன் பயன் நாடு முழுவதும் உள்ள தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. அவர்களுக்காக எந்த நட்சத்திரமும் முன்வந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

பதில்: வெள்ளைவயல் பொறியாளர்

அக்கா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் தீபிகா பேசியது வீண் என்று நான் கருதவில்லை. இரவு ஒன்பது மணிக்குமேல் வேலை செய்ய முடியாது என்று மேலாளரிடம் சொல்லத் தயங்கும் பெண்ணுக்கு, புகழ்பெற்ற ஒருவர் அதையே வெளிப்படையாகச் சொல்வது துணிவு தருகிறது. துணிவு வந்தபின் கேட்பதற்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-இன்படி நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. கூடுதல் நேரம் சேர்ந்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலையில் ஐடி துறைக்கு இதை 14 மணி வரை நீட்டும் யோசனை வந்தபோது, எதிர்த்துத் தெருவுக்கு வந்தது கேஐடியு என்னும் ஐடி ஊழியர் சங்கம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தரவேண்டும் என்பதும் இதே சட்டத்தில் உள்ளது. எழுபது மணி, தொண்ணூறு மணி என்று பேசியவர்களிடம் அந்த இரட்டிப்பு ஊதியம் எங்கே என்று எந்தத் தொகுப்பாளரும் கேட்டு நான் பார்க்கவில்லை.