பாதுகாப்பு அப்டேற் பிந்தினால் ஆரை ஏசுறது? கண்டதை எழுதுங்கோ

பரந்தன்_சந்தி:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு கணினி நிலையம். பழைய லப்டொப்புகள், எல்லாத்திலயும் டெபியன் 12 (தன்னார்வலர் சும்மா குடுக்கிற லினக்ஸ் இயங்குதளம்), தானியங்கி அப்டேற்றும் போட்டுக் கிடக்கு. ஆனால் உலாவி மாசக்கணக்கா அசையேல்லை. "சும்மா குடுக்கிற சாமான் உப்பிடித்தான், விண்டோசையே திருப்பிப் போடுங்கோ" எண்டு ஒரே சண்டை. அப்டேற்றைத் தானா இறக்கிற அன்அற்றெண்டட்-அப்கிரேட்ஸ் பொதியின்ர லொக் கோப்பை (நடந்ததைப் பதியிற கோப்பு) திறந்தால் நாளுக்கு நாள் ஒரே வரிதான்: மீற்றர் இணைப்பில (டேட்டா அளந்து காசு போற இணைப்பு) நிக்குது, அதால நிப்பாட்டுறன்.

விசயம் இதுதான். அன்ரொயிட் போன் ஹொட்ஸ்பொட்டை நெற்வேர்க் மனேஜர் (இணைப்புகளைப் பாக்கிற மென்பொருள்) தானாவே மீற்றர் இணைப்பு எண்டு கணிக்கும், டொங்கிளையும் அப்பிடித்தான். மீற்றர் இணைப்பில இறக்காதே, பற்றறியில ஓடேக்க இறக்காதே எண்டு ரெண்டு தடை இயல்பாவே போட்டுத்தான் அந்தப் பொதி வரும். கரண்டும் வந்துபோய், இன்ரநெற்றும் ஹொட்ஸ்பொட்டில எண்டால் அது எந்தக் காலத்தில இறக்கும்?

இணைப்பையே "மீற்றர் இல்லை" எண்டு மாத்தினால் மற்ற மென்பொருளும் டேட்டாவைக் குடிச்சுத் தள்ளும். 50அன்அற்றெண்டட்-அப்கிரேட்ஸ் கோப்பில அந்த மீற்றர் வரியை மட்டும் பொய் (false) ஆக்குங்கோ. அதே கோப்பில, எங்கையிருந்து இறக்கலாம் எண்ட பட்டியலில டெபியன்-செக்யூரிற்றி வரியை மட்டும் வைச்சிருங்கோ. பத்துப் பதினைஞ்சு மெசின் எண்டால் ஒண்டில ஏபிடி-கச்சர்-என்ஜி (ஒருக்கா இறக்கின பொதியைச் சேமிச்சு மற்ற மெசினுகளுக்குக் குடுக்கிற மென்பொருள்) போடுங்கோ, போர்ட் 3142. மூல முகவரி எச்ரிரிபிஎஸ் எண்டால் அது சேமிக்காது, எச்ரிரிபி ஆக்கவேணும். பொதியளின்ர கையொப்பத்தை ஏபிடி (டெபியன்ர பொதி நிறுவி) தனியாச் சரிபாக்கும், பயமில்லை.

திருத்தம் எப்பவோ வெளியில வந்திட்டுது. ஏச்சு மட்டும் டெபியன் பொடியளுக்கு.

ஏ9_பக்கம்:
இதைவிட மோசம் பதிப்பு எண்ணைப் பாத்து ஏசுறது. 2024 யூலை 1 வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (தூரத்திலயிருந்து சேர்வருக்குள்ள போற மென்பொருள்) ஓட்டை, பட்டியல் எண் சிவிஈ-2024-6387. 8.5 தொடக்கம் 9.7 வரைக்கும் பாதிப்பு, 9.8இல திருத்தம். ஒரு அலுவலக சேர்வரை ஸ்கான் பண்ணின அறிக்கையில "9.2, ஆபத்து" எண்டு சிவப்பில கிடந்தது. உடன தன்னார்வலருக்குக் காரமா ஒரு கடிதம்: ஏன் இன்னும் 9.8 தரேல்லை?

டெபியன் 12க்கு 9.8 வராது. திருத்தத்தை மட்டும் வெட்டி 9.2க்குள்ள ஒட்டிவிடுவினம். வால் எண்ணைத்தான் பாக்கவேணும்: டெப்12யு3. அது ஓட்டை வெளிவந்த அண்டைக்கே வந்தது. சேர்வர் குடுக்கிற முதல் வரியிலயே அந்த வால் இருக்கு, ஸ்கானர்தான் பாக்கேல்லை. டெபியன் 11 எண்டால் 8.4, அதுக்கு இந்த ஓட்டையே இல்லை.

அவசரத்துக்கு லொகின்கிரேஸ்ரைமை (உள்நுழையக் குடுக்கிற நேர வரம்பு, 0 எண்டால் வரம்பில்லை) 0 ஆக்கின ஆக்களும் இருக்கினம். ஓட்டை அடைபடும். ஆனால் ஆரும் இணைப்பைத் திறந்துபோட்டுச் சும்மா இருந்தால் இடமெல்லாம் நிரம்பி, கடைசியில நிர்வாகியே உள்ள போகேலாது.

குளத்துக்கட்டு:
எல்லாரும் டெபியனைக் காட்டித் தப்பிறியள். லீனியேஜ்ஓஎஸ் (தன்னார்வலர் செய்யிற அன்ரொயிட்) போட்ட போனுகளைப் பாருங்கோ. அமைப்புகளில அன்ரொயிட் பாதுகாப்புத் திகதி இந்த மாசம். அதுக்குக் கீழ விற்பனையாளர் பாதுகாப்புத் திகதி, மூண்டு வருசம் பழசு. மோடம், கிராபிக்ஸ் சாமானெல்லாம் சிப் கொம்பனி பூட்டிவைச்சிருக்கிற கோப்பு, தன்னார்வலரால கை வைக்கேலாது. சரி, அது அவையின்ர பிழை இல்லை.

ஆனால் பராமரிக்கிற ஆள் விட்டிட்டுப் போனால் திட்டப் பக்க வாசல்ல ஒரு வரி எழுதிப்போட்டுப் போகட்டும். செக்கன்ட்ஹான்ட் போன் வாங்கிறவன் ஆரைக் கேக்கிறது? லிப்எக்ஸ்எம்எல்2 எண்ட நூலகத்தை (மற்ற மென்பொருளுகள் பாவிக்கிற நிரல்) பராமரிச்ச ஆள் 2025இல நேராச் சொன்னார்: பாதுகாப்புப் பிழையெண்டு தனி மரியாதை இல்லை, திருத்தம் வரும்வரைக்கும் பிழையை மறைச்சுவைக்கிற ரகசியக் கெடுவும் இல்லை, மற்றப் பிழையள் மாதிரி நேரம் கிடைக்கேக்க பாப்பன் எண்டு. அதுக்கும் ஏசிச்சினம். என்ர பார்வையில அதுதான் நேர்மை.

நந்திக்கடல்:
குளத்துக்கட்டு அண்ணை, நேரமில்லை எண்டு சொன்ன ஆளுக்கு என்ன நடந்தது எண்டு தெரியும்தானே? எக்ஸ்சட் (கோப்புச் சுருக்கிற மென்பொருள்) பராமரிப்பாளர் 2022இல அதைத்தான் சொன்னார், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை எண்டு. அப்ப சில கணக்குகள் வந்து "திட்டம் செத்துப்போச்சு, வேற ஆளிட்டைக் குடு" எண்டு நச்சரிச்சது. இப்ப பாத்தால் சோடிச்ச கணக்குகள் மாதிரித்தான் கிடக்கு. அந்த நெருக்கலுக்குள்ளாலதான் ஜியா டான் எண்ட பேரில ஒருவர் சாவியை வாங்கினது. 2024இல 5.6.0, 5.6.1 பதிப்பு ரெண்டிலயும் பின்கதவு (களவா உள்ள போற வழி).

எஸ்எஸ்எச் உள்நுழைவு அரைச் செக்கன் பிந்துது எண்டு அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் எண்ட மென்பொருளாளர் தோண்டினதால மார்ச் 29 வெளியில வந்தது. டெபியன் ஸ்டேபிள் (நிலையான பதிப்பு) தப்பிச்சுது, ரெஸ்ரிங் (அடுத்த பதிப்புக்கான சோதனைக் கிளை) மாட்டிச்சுது. முந்தி அப்டேற் பண்ணினவைதான் அகப்பட்டது. உதை ஒருத்தரும் எழுதேல்லை.

வவுனிக்குளம்:
தம்பி, தங்கச்சியள், சண்டையை விடுங்கோ. கேக்காட்டியும் சொல்லுறன், முதல்ல மணிக்கூட்டைப் பாருங்கோ. பழைய பெட்டியளில சிஆர்2032 பற்றறி செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் திகதி பழைய வருசத்துக்கு ஓடிடும். ஏபிடி ரிலீஸ் கோப்பு (பொதிப் பட்டியலுக்குத் திகதியும் கையொப்பமும் போட்ட கோப்பு) "இன்னும் செல்லுபடியாகேல்லை" எண்டு சொல்லும், எச்ரிரிபிஎஸ் சான்றிதழும் முறியும். பற்றறியை மாத்திப்போட்டு சிஸ்டம்டி-ரைம்சிங்டியை (இன்ரநெற்றால நேரத்தைச் சரியாக்கிற சேவை) போட்டுவிடுங்கோ. றவுட்டர் யுடிபி 123 போர்ட்டை மறிச்சால் அதுவும் வேலை செய்யாது, கவனம்.

மற்றப் பக்கப் பிழை "ரிலீஸ் கோப்பு காலாவதி". டெபியன் செக்யூரிற்றி ரிலீஸுக்கு ஆயுள் 7 நாள்தான். பிரதியெடுக்கிற சேர்வர் பிந்தினால் ஏபிடி கத்தும். அந்தக் கத்தலை அடக்க செக்-வலிட்-அன்ரில் எண்ட காலாவதிச் சோதனையைப் பொய் ஆக்கிவிட்டு மறந்துபோயிடுவினம். அதுக்குப் பிறகு பிரதி எவ்வளவு பழசானாலும் "எல்லாம் புதுப்பிச்சுக் கிடக்கு" எண்டுதான் திரையில வரும். பழைய பட்டியலையே காட்டி ஏமாத்திறவனுக்கும் இதே கதவுதான். திரும்ப உண்மை ஆக்கிப்போட்டு வேற பிரதிக்கு மாறுங்கோ.

இன்னொண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி நூலகப் பொதி புதுசானாலும், ஓடிக்கொண்டிருக்கிற சேவை பழசைத்தான் நினைவகத்தில பிடிச்சிருக்கும். நீட்ரிஸ்ரார்ட் போட்டால் எதை எதைத் திரும்பத் தொடங்கவேணும் எண்டு காட்டும். கேர்னல் (இயங்குதளத்தின்ர கரு) எண்டால் றீபூட்தான்.

பரந்தன்_சந்தி:
வவுனிக்குளம் அண்ணை, அங்க மணிக்கூடு சரி, பாத்தாச்சு. நந்திக்கடல், ரெஸ்ரிங்கை ஆர் சேர்வருக்குப் போடுறது? அதுக்காக ஸ்டேபிள்ள அப்டேற்றைப் பிந்தவிடேலாது.

மிச்சப் பிரச்சினை அங்க நிக்கிற 32 பிற் பெட்டியள். டெபியன் 13இல அதுக்கு நிறுவியும் இல்லை, கேர்னலும் இல்லை, 12ஓட சரி. ஏ9_பக்கம் சொன்ன ஓட்டையை ஆராய்ச்சியாளர் செய்து காட்டினதும் 32 பிற்றிலதான், கிட்டத்தட்ட 10,000 முயற்சியில. அந்தப் பெட்டியளில எஸ்எஸ்எச்சை மூடியாச்சு.