புதுப்பிப்பு: ப்ளைவுட்டில் ரூட்டரால் காடி வெட்டும்போது ஓரம் பிய்வது

அலமாரித் தட்டுகளுக்காக 18 மி.மீ. ப்ளைவுட்டில் ரூட்டரால் (மரத்தைக் குடைந்து வெட்டும் மின்கருவி) குறுக்காகக் காடி (தட்டைச் செருகுவதற்கான நீள்பள்ளம்) வெட்டும்போது மேல் வெனீர் (மெல்லிய மர ஏடு) சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்து வருவதாக முன்பு எழுதியிருந்தேன். அது இப்போது தீர்ந்துவிட்டது. காடியின் இரு ஓரக் கோடுகளையும் முதலில் கூரிய கத்தியால் அழுத்திக் கீறிக்கொண்டு, 6 மி.மீ. ஆழத்தை ஒரே மூச்சில் எடுக்காமல் 2 மி.மீ. வீதம் இறக்கி வெட்டியதில், ஓரம் கத்தரித்த காகிதம்போல் நின்றது. சிலர் பரிந்துரைத்த, தூளை மேல்நோக்கித் தள்ளும் சுருள் பிட் (ரூட்டரில் மாட்டும் வெட்டலகு) காடிக்குள் தூள் அடையாமல் காத்தாலும், வெனீரையும் சேர்த்தே தூக்குவதால், கீறாத பலகையில் அதை நான் ஓட்டமாட்டேன்.

இன்னொன்று: 18 என்று விற்கும் பலகை பெரும்பாலும் சற்று மெலிந்தே இருப்பதால், 18 மி.மீ. பிட்டில் வெட்டிய காடியில் தட்டு ஆடும்; அதனால் 12 மி.மீ. பிட்டை இருமுறை ஓட்டி, தட்டின் துண்டையே செருகிப் பார்த்து அகலத்தை முடிவுசெய்வதே நல்லது.